இரண்டு மிதிபெட்டிகள்

எங்கள் வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு மிதிபெட்டிகள் வந்தன. தூத்துக்குடியில் மட்டுமில்லை, மதுரைக்குப் போனாலும் அன்றைக்குக் கிடைக்காத சாமான் அது. கிட்டார் வாசிக்கிறவர்கள் வா-வா பெடல் என்பார்கள். செருப்பைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி, மேலே ரப்பர் ஒட்டிய பலகை. கிட்டாரிலிருந்து வரும் வயர் இதற்குள் நுழைந்து, மறுபக்கமாக ஆம்ப்ளிபயருக்குப் போகும். பலகையின் நுனியை மிதித்தால் கிட்டார் வாயைத் திறந்து கத்தும். குதிகாலை அழுத்தினால் வாயை மூடிக்கொண்டு முனகும்.

கொண்டுவந்தவர் அப்பாவின் கூட்டாளி, கொழும்புக்குத் தோணி ஓட்டும் தண்டல். கொழும்புக் கடைக்காரர் எது வேண்டும் என்று கேட்டதற்கு இவர் முழித்திருக்கிறார். சரி, இரண்டையும் கொண்டுபோய்க் காட்டு, வேண்டாததை அடுத்த நடையில் திருப்பிக் கொடு என்று அவர் தூக்கிக் கொடுத்துவிட்டாராம்.

"நான் வெங்காயமும் கருவாடும் ஏத்துகவன், எனக்கு இதுல என்ன தெரியும்? சனிக்கிழம தோணி எடுக்கேன். அதுக்குள்ள ஒண்ணப் பொறுக்கிக்கிட்டு ஒண்ணத் தந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொறுக்க வேண்டியவர் சித்தப்பா. கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசிக்கும் ஒரு பேண்டில் அவர்தான் கிட்டார். அந்த வருஷம் வந்த சினிமாப் பாட்டுகளில் இந்தச் சத்தம் புகுந்துவிட்டது. "வியாழக்கிழமை திருவிழாக் கச்சேரியில அந்தச் சத்தம் வரணும். இல்லன்னா நாகர்கோவில்காரன் ஒருத்தன் பெட்டியோட காத்துக் கெடக்கான்" என்று பேண்ட் மாஸ்டர் சொல்லியிருந்தார். சித்தப்பாவுக்கு வேறு வேலை கிடையாது. மேடையை விட்டால், மாதா கோயில் சுவரில் சாய்ந்து நிற்பதுதான் அவருக்கு உத்தியோகம்.

கறுப்புப் பெட்டி முறுக்கு. மிதித்தால் அசைய யோசிக்கும். சாம்பல் நிறப் பெட்டி இளக்கம். தொட்டாலே சாயும். சித்தப்பா பின்னறையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு வாசித்தார். அந்த அறையில்தான் அத்தையின் தையல் மிஷினும் இருந்தது. அத்தை, அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் ரவிக்கை தைப்பாள். நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால், "நான் எங்க தைச்சேன், மிஷின்லா தைச்சிது" என்பாள். குழம்பைப் புகழ்ந்தால் புளி நல்ல புளி. கோலத்தைப் புகழ்ந்தால் மாவு நல்ல மாவு. அவள் செய்த காரியத்தில் அவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் பங்கு இருக்கும்.

சித்தப்பாவுக்குத் தொந்தரவு பெட்டியில் இல்லை, காலில் இருந்தது. வலது காலால் தாளம் தட்டாமல் அவரால் நாலு சுரம் சேர்ந்தாற்போல் வாசிக்க முடியாது. அந்தக் காலைத் தூக்கிச் சாம்பல் பெட்டிமேல் வைத்தால் ஒவ்வொரு தட்டுக்கும் அது ஒரு கத்துக் கத்தியது. முற்றத்திலிருந்து அப்பா கேட்டார்:

"ஏலே, பாட்டு படிக்கியா, வாத்து வளக்கியா?"

கறுப்புப் பெட்டியில் வாத்தும் இல்லை, பாட்டும் இல்லை. புதன்கிழமை மத்தியானம்வரை இப்படியே போனது. சித்தப்பா இரண்டு பெட்டிகளையும் செய்தவர்களை, அவர்கள் எந்தத் தேசத்தில் இருந்தார்களோ, வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார்.

அத்தை மிஷினை நிறுத்தினாள். "காலத் தட்டுனா அது கத்தத்தாம்ல செய்யும். மெதுவாக் கொண்டுபோயி மெதுவாக் கொண்டுவா."

"நீ வந்து மிதிச்சிப் பாரு, அப்பத் தெரியும்."

அவர் கோபத்தில் சொன்னது. அத்தை அதை அழைப்பாக எடுத்துக்கொண்டு, சாம்பல் பெட்டியைத் தன் முக்காலிக்குக் கீழே இழுத்து, வெறுங்காலை அதன்மேல் வைத்தாள். சித்தப்பா வேண்டாவெறுப்பாகக் கம்பியைத் தட்டினார். அத்தையின் பாதம் குதிகாலிலிருந்து நுனிக்கு, சேலைக் கரை மடித்துத் தைக்கிற வேகத்தில் நகர்ந்தது. கிட்டார் பேசியது. அழுதது என்று சொல்லமாட்டேன். யாரோ பக்கத்து வீட்டில் தணிந்த குரலில் நியாயம் கேட்கிற மாதிரி இருந்தது. அப்பா முற்றத்திலிருந்து எழுந்து வந்து வாசல்படியில் நின்றார்.

"கறுப்ப வச்சிப் பாரேன்க்கா" என்றார் சித்தப்பா. அத்தை மிதித்துப் பார்த்து, "இது என் காலுக்கு அசையாது" என்று ஒதுக்கிவிட்டாள்.

மறுநாள் கச்சேரிக்கு ஏற்பாடு இப்படித்தான் முடிவாயிற்று. மேடையின் ஓரத்தில் தொங்கிய படுதாவை ஒட்டிச் சித்தப்பா நின்றார். அவர் காலடியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கறுப்புப் பெட்டி. அதற்குள் வயர் ஒன்றும் போகவில்லை. வயர், மேடைப் பலகை இடுக்கில் இறங்கி, படுதாவுக்குப் பின்னால் ஒரு தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த அத்தையின் காலடிக்கு வந்தது. அத்தை தனியாக இருட்டில் இருக்கக்கூடாதென்று என்னையும் கூட உட்கார வைத்தார்கள். எனக்கு ஒன்பது வயது. படுதாவில் இருந்த கிழிசல் வழியே கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா வழக்கம்போல் தாளம் தட்டினார். முறுக்குப் பெட்டி அசையவில்லை, கால்தான் அசைந்தது. சனங்கள் அந்தக் காலையே பார்த்தார்கள். அத்தை கண்ணை மூடியிருந்தாள். காற்று கடலிலிருந்து வந்து படுதாவை அவள் முகத்தில் அறைந்தது, அவள் அதை விலக்கக்கூட இல்லை. பாட்டு முடிந்ததும் மணல்மேட்டில் உட்கார்ந்திருந்த பையன்கள் எல்லாம் எழுந்து நின்று இன்னொரு தடவை கேட்டார்கள். சாமியார்கூடத் தலையாட்டினார்.

பேண்ட் மாஸ்டர் சித்தப்பாவின் முதுகில் தட்டினார். "ஒனக்குக் கைதான் பேசும்னு நெனச்சேன். காலும்லா பேசுது."

சித்தப்பா கறுப்புப் பெட்டியைத் துண்டால் துடைத்துக்கொண்டே சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில் பெண்கள் அத்தையை நிறுத்தி, "ஒந்தம்பி காலுக்குத் தங்கத்துல கொலுசு போடணும்ளா" என்றார்கள். "பெட்டி நல்ல பெட்டி" என்றாள் அத்தை.

வெள்ளிக்கிழமை பூராவும் சித்தப்பா ஊருக்குள் தன் காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் பெட்டியை எடுத்துக் காட்டினார். எல்லோரும் பார்த்திருந்தது கறுப்பு. எனவே காட்டியதும் கறுப்பு. தன் காலும் அந்தக் கறுப்புப் பெட்டியும்தான் வாசித்தன என்று அன்று சாயங்காலமே அவருக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை, தண்டலிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதை மஞ்சள் பையில் போட்டுக் கதவில் மாட்டியிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே சாம்பல் பெட்டி. ஐயோ, சித்தப்பா மாற்றி வைத்துவிட்டாரே என்று எனக்குப் பட்டது. சத்தம் வந்தது எதிலிருந்து என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அத்தை காலைப் பூசைக்குப் போயிருந்தாள். சித்தப்பா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து கறுப்பை எடுத்துப் பைக்குள் வைத்தேன், சாம்பலை டிரங்குக்குள் வைத்துத் துண்டால் மூடினேன். பெரியவர்கள் செய்த தப்பை ஓசைப்படாமல் சரிசெய்துவிட்ட பெருமை எனக்கு மத்தியானம்வரை இருந்தது.

மத்தியானம் சித்தப்பா டிரங்கைத் திறந்தார். தோணி அதற்குள் வெளிச்சவீட்டைத் தாண்டியிருக்கும்.

"யாரு இத மாத்துனது?"

அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. பிள்ளைகளை அடிக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. நான் அப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"கேக்கேன்லா, யாரு?"

மிஷின் நின்றது. அத்தை பல்லில் கடித்திருந்த நூலை அறுத்தாள்.

"நாந்தான்." ஒரு காரியத்தைத் தான் செய்ததாக அத்தை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எதுக்குக்கா?"

"நாந்தான்னு சொல்லுதேன்லா."

 சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. இரண்டு மாதத்துக்கு அவர் அத்தையோடு பேசவில்லை. கிறிஸ்துமஸ் கச்சேரிக்கு நாகர்கோவில்காரர் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். அத்தையின் காலைத் தினமும் படுதாவுக்குப் பின்னால் கூட்டிப்போக முடியாது. கறுப்புப் பெட்டி இருந்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். சித்தப்பா துறைமுகத்தில் மூட்டை எண்ணப் போனார். சாம்பல் பெட்டி மிஷினுக்குக் கீழே, எண்ணெய்க் குப்பியோடு கிடந்தது.

அதெல்லாம் பின்னால். அந்தச் சனிக்கிழமை கழிந்து ஞாயிறு அப்பா மக்ரூன் வாங்கிவந்தார். என் பங்கில் இரண்டை ஒரு தாளில் சுற்றிக் கொண்டுபோய் அத்தையின் மடியில் வைத்தேன்.

"எதுக்குளா?"

"நேத்து நீங்க என்னியக் காட்டிக் குடுக்கலல்லா, அதுக்கு."

அத்தை தாளைப் பிரிக்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "நீயா மாத்துன?" என்று மெல்லக் கேட்டாள்.

யாரும் இல்லாதபோதுகூட ஒன்றும் தெரியாத மாதிரி இவ்வளவு நன்றாக நடிக்கிறாளே என்று அன்றைக்கு நான் வியந்துகொண்டேன்.