காத்தான்குடி ஒழுங்கையில் ஒரு சைக்கிள் பாதை

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும் மட்டக்களப்புக்கு ஓடிய பஸ்கள் குறைந்துவிட்டன. களுதாவளைப் பக்கத்திலிருந்து டவுனுக்கு வேலைக்கு வந்தவர்கள் சைக்கிளை நம்பினார்கள். பெரிய ரோட்டிலோ ராணுவ லொறிகள். நாவற்குடாவில் ஒரு லொறி ஓரத்துக்கு ஒதுக்கியதில் ஆஸ்பத்திரிச் சமையற்காரர் கந்தையா விழுந்து கையை முறித்துக்கொண்டார். அதன்பிறகுதான் சைக்கிள்களுக்குத் தனிப்பாதை போடும் வேலை, ரோட்டு வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியரான என்னிடம் வந்தது.

காத்தான்குடியில் பாதை விழவேண்டிய குறுகலான மணல் ஒழுங்கையில் ஆதம்பாவா என்ற நெசவாளர் பாவு நீட்டியிருந்தார். தறியில் ஏற்றுமுன் நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பதுதான் பாவு. அவர் மனைவி குனிந்து இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஒழுங்கையும் போனா நாங்க எங்க நீட்டுற ஐயா? வளவுக்குள்ள இவ்வளவு நீளம் இல்லையே," என்றார் ஆதம்பாவா.

பாதையைச் சற்று வளைக்கலாமா என்று எஞ்சினியரிடம் கேட்டேன்.

"நேர்ப்பாதைக்குத்தான் கிரவல் இருக்கு. வளைச்சா அந்தத் துண்டுக்குப் போட ஒண்டுமில்ல," என்றார்.

கிரவல் போடாத மணலில் போக முடியுமா என்று கந்தையாவைக் கேட்டேன். கை இன்னும் கட்டோடு இருந்தது.

"மணலுக்குள்ள உருட்டிக்கொண்டு போக ஏலா ஐயா. பிந்தினா வேலை போயிரும்."

ஆதம்பாவா சொன்னதும் நியாயம், கந்தையா சொன்னதும் நியாயம். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. கந்தையாவை அந்த ஒழுங்கைக்கே கூட்டிப்போனேன். அந்த அம்மா அறுந்த ஓர் இழையைத் தேடிப்பிடித்து முடிந்துகொண்டிருந்தார். கந்தையா பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதுக்கு மேலால நாங்க எப்பிடி ஓடுற?" என்றவர், ஆதம்பாவாவிடம் திரும்பி அண்ணன் முறை வைத்துக் கேட்டார். "பின்னுக்கு வழி ஏதும் கிடக்கா, காக்கா?"

"என்ட பின்வேலிய உள்ளுக்கு எடுத்து வழி தாறன்," என்றார் ஆதம்பாவா. " மணலுக்குத் தேங்காமட்டை தாட்டாப் போதும், ரயர் புதையாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர்களும் நெசவாளர்களும் சேர்ந்து மட்டை புதைத்தார்கள். ஒற்றைக் கையால் கந்தையாவும் அள்ளிப் போட்டார். மறுநாள் எஞ்சினியர் வந்தார். ஒருவரிடம் சைக்கிளை வாங்கித் தானே ஓடிப் பார்த்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பிளானை மாத்திக் கீறுங்க," என்றார்.

பிறகு நான் எத்தனையோ பாதைகள் கீறினேன். அதில் போகிறவரையும் அதன் ஓரத்தில் பிழைக்கிறவரையும் ஓரிடத்தில் நிறுத்திப் பேசவைக்காமல் ஓர் அளவு முளைகூட அடித்ததில்லை.