இடிதாங்கிப் படிவம்

எண்பதுகளில் தலைச்சோலைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். மேட்டு உச்சியில் தகரக் கூரை போட்ட குழந்தைக் காப்பகம். தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகள் பகல் முழுக்க அங்கேதான். என் மகளும் அங்கேதான்.

கோடை மழைக்கு முன்னால் சேலத்துக் கம்பெனி ஆபீசிலிருந்து படிவம் ஒன்று வந்தது. கட்டடத்துக்கு இடிதாங்கி தேவையா என்று தீர்மானிக்க அதில் பல கேள்விகள். ஒன்று, இதற்கு முன் அங்கே இடி விழுந்ததுண்டா என்பது. நான் புதியவன், காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேட்டேன். எல்லோரும் தரையைப் பார்த்தபடி "இல்லீங்க" என்றார்கள். அப்படியே எழுதி பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். ஏன் தரையைப் பார்த்தார்கள் என்று யோசிக்காத மடையன் நான்.

மறுவாரம் காப்பகத்தின் பின்னால், மஞ்சள் பூசிய பாறை ஒன்று பிளந்து கிடப்பதைப் பார்த்தேன். ஆயாவிடம் கேட்டேன்.

"இடி உழுந்த எடமுங்க. ஒரு புள்ள போயிருச்சு. வாய் தொறந்து சொன்னா மறுபடி வருமுங்க, அதான் யாரும் சொல்றதில்ல."

மேனேஜரிடம் ஓடினேன்.

"நீதானய்யா இல்லைன்னு எழுதின? பாத்தவங்க ஒருத்தர் கைநாட்டு வெச்சாத்தான் மாத்த முடியும்."

வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். கதவைச் சாத்திக்கொண்டார்கள். மத்தியானம் மேகம் கறுத்தால் எனக்குச் சோறு இறங்காது. என் மகளை மட்டும் தூக்கி வந்துவிடலாம். அதற்கு மனசு கூசியது.

கடைசியில் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடமே போய் நின்றேன். அவளுடைய சின்னவன் அப்போது காப்பகத்தில் இருந்தான்.

"ஏனுங்க, சொல்லாம இருந்தா வராதுங்களா?"

"அப்பவும் வரும்மா."

நொந்து அழுதாள். பிறகு கட்டைவிரலை நீட்டினாள். அன்று சாயங்காலமே சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். விஷயம் பரவி மற்ற தாய்மார்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இடிதாங்கி வந்தது. செம்புப் பட்டையை மண்ணில் இறக்கிப் புதைத்தார்கள். இனிப் பயமில்லை என்று தாய்மார்களிடம் எவ்வளவோ மன்றாடினேன்.

"சொல்லிப்போட்ட எடத்துல புள்ளய உட மாட்டமுங்க."

முதல் மழை இடியோடு வந்தது. தோட்டத்து உயர்ந்த மரங்களுக்கடியில், தூளிகளில், அத்தனை பிள்ளைகளும். நனைந்துகொண்டே மரத்துக்கு மரம் ஓடிக் கத்தினேன். தூளியருகே இருந்த தாய்மாரில் ஒருத்தியும் எழுந்து வரவில்லை. இடிதாங்கியின் கீழே என் மகள் மட்டும் உட்கார்ந்து, மற்றவர்கள் எங்கே என்று ஆயாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.