நூற்றெட்டு வாங்கிய சுவர்

சுவர் நிற்குமா என்று கணக்குப் பார்ப்பது என் தொழில். நின்ற சுவருக்காக இதுவரை யாரும் எனக்கு ஒரு கோப்பி வாங்கித் தந்ததில்லை. இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் நான் பார்ப்பது மரச்சுவர். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து, வெளிநாட்டில் கட்டும் மரவீடுகளுக்குக் கணக்குப் போடுகிறோம்.

சென்ற வருடம் என்னை ஆட்டிவைத்தவர் ராஜமாணிக்கம் அங்கிள். மகள் நித்யா பெர்த்தில் குடியேறியதில் அவருக்குக் கோபம். ரொம்ப நாள் பேச்சுவார்த்தை இல்லை. வீடு கட்டும்போதுதான், “வரைபடத்த நீங்க பாத்து முடிச்சுக் குடுங்கப்பா” என்று அவளாக இறங்கி வந்திருந்தாள். அந்த வரைபடத்தோடு எங்களிடம் வந்த அங்கிளுக்கு, அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் ஒரே கவலை.

தட்டிப் பார்த்தவர்

மாதிரிக்கு ஒரு துண்டுச் சுவர் வைத்திருந்தோம். மரச்சட்டங்களை வரிசையாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பலகை அடித்தது. அந்தச் சட்டத்துக்கு எங்கள் பாஷையில் ஸ்டட். புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி புளோக் வீட்டின் கான்கிரீட் சுவரில் ஒரு சாமி படம் மாட்ட டிரில் பிட்டை உடைத்தவர் அங்கிள். விரலை மடக்கித் தட்டினார். தொம் என்றது. கொஞ்சம் தள்ளித் தட்டினார். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்: “இது சுவரா லா? கதவுன்னு நெனச்சு யாராச்சும் தெறப்பாங்களான்னு நிக்கறேன்.”

நல்ல நம்பர்

தோட்டத்தைப் பார்த்த அறையின் உயரமான சுவரில் பெரிய ஜன்னல்கள் வேண்டும் என்பது நித்யாவின் ஆசை. ஜன்னல்களுக்கு நடுவே ஒல்லியாக நாலைந்து ஸ்டட்டுகள்தான் மிச்சம். கூரையின் எடை மட்டும் என்றால் தாங்கியது. காற்று மட்டும் என்றாலும் தாங்கியது. இரண்டும் சேர்ந்தபோது, தாங்கக்கூடியது நூறு என்றால் வருவது நூற்றெட்டு. நூறைத் தாண்டினால் எங்களிடம் ஃபெயில்.

மார்க் ஷீட் பார்த்தே வளர்ந்த நம் ஆட்களுக்கு இது எப்படி ஏறும்? நான் வாயைத் திறப்பதற்குள் அங்கிள் திரையைப் பார்த்துவிட்டு மகளுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “நூத்தியெட்டு வந்துருக்கும்மா. சாமி நம்பர். இதுக்கு மேல என்ன வேணும்?”

எட்டுதானே

ஃபெயில் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. ஜன்னலைக் குறுக்கி ஸ்டட்டுகளை இரட்டையாக்க வேண்டும் என்றேன். இத்தனை நாள் கழித்து மகள் வாய்விட்டுக் கேட்ட பொருள் அது. முடியாது என்று எந்த முகத்தோடு சொல்வார்? எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. “எட்டுதானே கூட, அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியாதா?” என்று கெஞ்சினார்.

பக்கத்து மேசை செல்வா மதுரையிலிருந்து வேலைக்கு வந்தவன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: “அதெல்லாம் எங்க ஊரு பஸ் சீட்ல செய்யறதுங்கய்யா.”

காவடி

மறுநாளே வந்துவிட்டார். தனித்தனியாகப் பாஸான சுவர், சேர்ந்தால் எப்படி ஃபெயிலாகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. காற்று ஸ்டட்டை வளைக்கும், வளைந்த ஸ்டட்மேல் கூரை எடை உட்கார்ந்து இன்னும் வளைக்கும் என்று அம்புக்குறி போட்டு விளக்கினேன். நடுவிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். தைப்பூசத்துக்கு வருடா வருடம் காவடி எடுத்த உடம்பு அது. “காவடியோட நேரா நின்னா தோளுதான் வலிக்கும். அந்த நேரம் சைடுல காத்து அடிச்சா இடுப்பே போயிரும். இத நேத்தே சொல்லாம, எதுக்கும்மா அம்பு விட்டுட்டிருக்கே?”

ஜன்னல் சேதி

அவருக்குப் புரிந்துவிட்டது, மகளிடம் சொல்வதுதான் பாக்கி. என் மேசையிலேயே ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார். துணைக்கு நான் வேண்டுமாம். ‘ஜன்னல் சின்னதாகும்’ என்ற ஒரு வரியைச் சொல்ல, இங்கத்து மழை, தெம்பனிஸ் சித்தப்பாவின் முட்டிவலி எல்லாவற்றையும் சுற்றி வந்தார்.

நித்யா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: “பரவால்லப்பா. அந்த ரூம் உங்களுக்குத்தான். தோட்டம் தெரியணும்னுதான் பெரிசா கேட்டேன். நீங்க வந்தாப் போதும்.”

ஃபோனை வைத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எட்டை விட்டுத்தரச் சொன்ன அதே மனுஷர் என்னிடம் குனிந்து சொன்னார்: “நான் படுக்கப்போற ரூமா அது? அப்ப இன்னும் ரெண்டு ஸ்டட் சேத்தே போடும்மா.”

சுவரோரம் யாருடைய கட்டில் வரப்போகிறது என்று முதலிலேயே கேட்டுவிட்டால், எங்கள் கணக்கில் பாதியை வாடிக்கையாளரே போட்டுக்கொடுத்துவிடுவார்.