சாதிக்காய் உரசிய கல்

பக்கீர் முகைதீன் ஒஸ்தா குடும்பத்து ஆள். முடி வெட்டுவதும், சிறு பிள்ளைகளுக்குச் சுன்னத்துச் செய்வதும் அவர்களின் பரம்பரைத் தொழில். கல்முனைக்குடியில் அவருடைய சலூனுக்கு ஊரே வரும். சம்பந்தம் பேசத்தான் ஒருவரும் அவர் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை. அதை அவர் யாரிடமும் கதைக்கிறதுமில்லை.

சலூனில் இப்போது ஒருதரம் பாவித்து எறிகிற பிளேடுதான். மருதமுனை அச்சிமுகம்மதுவுக்கு மட்டும் பழைய மடக்குக் கத்தியை எடுப்பார். பாரிசவாதத்தில் அந்த மனிதருக்குப் பேச்சு நின்று, வலது கை விழுந்து, வலது கன்னமும் தொங்கிவிட்டது. இரத்தம் உறையாதிருக்கக் குளிசை போடுகிறவர். பிளேடு சற்றுக் கீறினாலும் இரத்தம் லேசில் நிற்காது. அதனால் வெள்ளிக்கிழமை காலையில் பக்கீரே மோட்டார் சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போவார்.

அந்த வெள்ளி கத்தி வழுக்கவில்லை. மயிரைப் பிடித்து இழுத்தது. முந்தின கிழமைதான் அவருடைய தீட்டுக்கல் கீழே விழுந்து உடைந்திருந்தது. என்ன செய்வதென்று நிமிர்ந்தவர், அச்சிமுகம்மதுவின் மனைவி கைருன்னிஸா பேரப்பிள்ளைக்குச் சாதிக்காய் உரசிக்கொண்டிருந்த கல்லைக் கண்டார்.

"ராத்தா, அந்தக் கல்லக் கொஞ்சம் தாங்க."

கழுவிக் கொடுத்தாள். சாணளவு நீளம். மேலே வெண்ணெய் மஞ்சள், கீழே கத்தரிப்பூ நிறம். இரண்டும் சேர்ந்த கோடு அலையலையாக ஓடியது. ஒட்டினதென்றால் கோடு நேராக இருக்கும்; இது மண்ணுக்குள்ளேயே ஒன்றாய் விளைந்த கல். நகத்தால் இழுத்தார், எங்கும் தட்டவில்லை. தேசிக்காய்ச் சாறு விட்டார், நுரைக்கவில்லை, சுண்ணாம்புக்கல் இல்லை. தண்ணீர் தொட்டுத் தேய்த்ததும் பால் போல் சேறு வந்தது.

பக்கீர் கல்லை வெளிச்சத்துக்குப் பிடித்தார். தோஹாவில் வேலை செய்த காலத்தில் கடை முதலாளி இப்படியொரு கல்லைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். பெல்ஜியத்து மலையில் வெட்டுகிறதாம். யாரையும் தொட விடமாட்டார்.

"இது சவரக் கத்தி தீட்டுற கல்லு ராத்தா. லேசில கிடைக்கிற சாமானில்ல. சாதிக்காய் உரசினா ஒரு இடத்திலதான் குழி விழும். இது நீளத்துக்கும் தேஞ்சிரிக்கு பாருங்க. ஆரோ வருசக்கணக்கில கத்தி தீட்டியிரிக்கான். எங்கால வந்த?"

"இவர் மாப்பிள்ளையா வரக்குள்ள பொட்டியில கொண்டு வந்தவர். வாப்பா உம்மா இல்லாத ஆளு, இறக்காமத்துப் பக்கம் எண்டுதான் சொன்ன."

பக்கீர் திரும்பிப் பார்த்தார். அச்சிமுகம்மதுவின் கண் கலங்கியிருந்தது. விஷயம் பிடிபட்டதும் பக்கீர் வாயை மூடிக்கொண்டார். அது அடுத்தவன் மறைத்த கதை. தான் அவிழ்க்கக் கூடாது.

ஆனால் அச்சிமுகம்மது இடக்கையை நீட்டிக் கத்தியைக் கேட்டார். பக்கீர் கல்லைப் பிடித்துக்கொள்ள, கத்தியைக் கிடையாக வைத்து முன்னே தள்ளினார். கல்லின் நுனிக்கு வந்ததும் கூர் மேலே பார்க்க, கத்தி முதுகின் மேல் புரட்டிப் பின்னே இழுத்தார். தொழில் பழகாத கை கூரின் மேல்தான் புரட்டும். பழக்கமில்லாத இடக்கையிலும் அந்தக் கை பிசகவில்லை.

"காக்கா, ஒங்கட வாப்பா ஒஸ்தாவா?" பக்கீர் கேட்டார்.

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

கைருன்னிஸா சாதிக்காயைக் கையில் வைத்தபடி நின்றாள். "நாப்பது வருசம்! எனக்கிட்டயுமா மறைச்ச?" பிறகு மெல்லக் கேட்டாள்: "எங்கட வாப்பா பொண்ணு தரமாட்டாரெண்டா?"

அவர் மறுபடியும் தலையாட்டினார்.

"ஓம். தந்திரிக்க மாட்டார்தான்," என்றாள்.

அறைக்குள் போனவள் ஒரு மணித்தியாலம் வெளியே வரவில்லை. பக்கீர் கத்தியைத் தீட்டி, ஒரு கீறலும் இல்லாமல் சவரம் செய்து முடித்தார். அவர் புறப்படும்போது வந்து, மாமனார் எந்த ஊர் மையவாடியில் அடக்கமென்று புருசனிடம் கேட்டாள். ஊர்ப் பெயராய்ச் சொல்லிச் சொல்லித்தான் பதில் வாங்கினாள்.

அடுத்த புதன் வேன் பிடித்து இறக்காமம் போனார்கள். பக்கீரையும் கூட்டிக்கொண்டாள். எங்கே பயணமென்று கேட்டவர்களுக்கு, "எங்கட மாமாட கபுறடிக்குப் போறம், ஒஸ்தா மாமாட," என்று சத்தமாகவே சொன்னாள். கபுறுக்கு அடையாளமாய் நட்ட மீசான் கட்டை ஒன்றும் மிஞ்சவில்லை. பக்கீர் தாங்கிப் பிடிக்க, அச்சிமுகம்மது மையவாடி நடுவில் நின்று இடக்கையை மட்டும் ஏந்தி துஆ கேட்டார். பெண்கள் உள்ளே போகும் வழக்கமில்லாததால், கைருன்னிஸா வாசல் கேற்றடியில் வேனில் இருந்தபடி ஆமீன் சொன்னாள்.