தளபதிக்கு ஒரு குதிரை

ஷாங்காய் படக்கதைப் புத்தகங்களில் தளபதி போருக்குப் போகும் அழகே தனி. குஞ்சம் வைத்த சவுக்கை ஆட்டிக்கொண்டு நடந்தே போவார். நாடக மேடையில் அப்படித்தான். சவுக்கு கையில் இருந்தால், கீழே குதிரை இருப்பதாக நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். ஓவியர் பான் மதிய ஆட்டம் பார்த்துவிட்டு வந்து, தாள்களில் முகங்களை மட்டும் வரைந்து கொடுப்பார். கழுத்துக்குக் கீழே எல்லாம் அவருடைய உதவியாள் மியாவ் ஷூஜின் பாடு. ஏழு வருஷத்தில் எத்தனையோ தளபதிகளுக்குக் கவசம் மாட்டிவிட்டாள். ஒருவரைக்கூடக் குதிரையில் ஏற்றியதில்லை.

வாடகைப் புத்தகக் கடையில் ஒரு ரிக்‌ஷாக்காரர், "இவ்ளோ பெரிய தளபதி, நம்மள மாதிரி நடந்தே சாவுறானே," என்றதை அவள் காதால் கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. காலையில் கரிவண்டிக் குதிரைகள் கட்டும் கொட்டடிக்குப் போய், பொட்டலக் காகிதத்தில் குதிரை வரைந்து பழகினாள். ஒரு குதிரை அவள் சட்டைக் கையைத் தின்றுபார்த்தது.

தளபதியைக் குதிரையில் ஏற்றலாமா என்று பானிடம் கேட்டாள்.

"படிக்கிறவங்க நாடகம் பாத்தவங்கம்மா. சவுக்கு போதும்."

"டிக்கெட் வாங்க முடியாதவங்கதான் வாத்தியாரே பொஸ்தகம் படிக்கிறாங்க."

குதிரை வரைந்தால், மறுநாள் அவள் முக்காலியில் வேறு ஆள் உட்காரும் என்றார் பான். சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். அவள் வரைந்தாள். தாள்கள் வழக்கம்போல ராத்திரியே நேரே அச்சகத்துக்குப் போயின.

மறுநாள் புத்தகக் கடையில் ஒரே சிரிப்பு. முகம் இருந்தது நடக்கிற ஆளின் உயரத்தில். அதற்குக் கீழே அடங்கிய குதிரை ஆட்டுக்குட்டி அளவுதான். தளபதியின் பூட்ஸ் இரண்டும் தரையில் இழுபட்டன. "குதிரைய இவருதான் தூக்கிட்டுப் போறாருபோல," என்றார் அதே ரிக்‌ஷாக்காரர்.

காது சுட, நேரே ஓவியப் பட்டறைக்குப் போனாள். பான் அந்தப் பக்கத்தை விரித்துவைத்து, அவள் முக்காலிமேல் காலை நீட்டியிருந்தார். குதிரையையும் அவள் ஏழு வருஷத்தையும் சேர்த்து ஒரு பாட்டம் திட்டினார். அவர் முடிக்கும்வரை அவள் நின்றாள்.

"குதிரை சின்னதில்ல வாத்தியாரே. மூஞ்சி கீழ இருக்கு. நாளைக்கு நாலு விரல் மேல போடுங்க."

பான் முக்காலியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு மதிய ஆட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். அவள் நகரவில்லை.

சாயங்காலம் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமலே தாள்களைப் போட்டுவிட்டுப் போனார். முதல் தாளில் தளபதியின் முகம் மேல் விளிம்போடு ஒட்டியிருந்தது, தலைப்பாகை இறகுகூடப் பாதி வெட்டுப்பட்டு. கீழே முழுக்க வெள்ளை.

ஷூஜின் முக்காலியை இழுத்துப் போட்டு, குளம்பிலிருந்து ஆரம்பித்தாள்.