சிற்றலை அடங்கிய மாலை

பழுது பார்த்த ரேடியோவைச் சிற்றலையில் பாடவைத்துக் காட்டாமல் மணிமொழி யாரிடமும் கொடுத்ததில்லை. 2003 அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி மாலை, வேங்கிக்கால் கடையில் அந்த வழக்கமே அவள் காலை வாரிவிட்டது. மணி ஐந்தாகப் போகிறது. சக்கரபாணி வாத்தியாரின் ரேடியோவில் மத்திய அலை கணீரென்று கேட்டது. சிற்றலையில் மூச்சே இல்லை.

"மதியம் நல்லா கேட்டுது சார்."

"இப்ப கேக்கலையே. உள்ள எதையாவது திருகிப் பாரும்மா."

"மாட்டேன் சார்."

அடி அண்ணாமலையில் பிறந்து, ஐ.டி.ஐ.யில் ரேடியோ படித்து அவள் தொழிலுக்கு வந்த புதிது, 1989 மார்ச். அப்போதும் ஒரு மாலை இப்படித்தான் சிற்றலை அடங்கியது. பதறிப்போய் உள்ளேயிருந்த கம்பிச்சுருள்களின் திருகுகளையெல்லாம் திருகினாள். மறுநாள் ஊரிலுள்ள மற்ற ரேடியோக்கள் பாடின. அவள் திருகியது தேறவேயில்லை. அதைச் சுப்பன் என்ற விவசாயி திட்டாமல் எடுத்துப்போனதுதான் இன்னும் உறுத்துகிறது. சூரியன் சீறினால் வானத்தின் மேலடுக்கு சிற்றலையை விழுங்கிவிடும் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டாள்.

இப்போது தன் சொந்த ரேடியோவை எடுத்து வைத்தாள். சிற்றலையில் அதுவும் ஊமை.

"பேஷ், ரெண்டும் போச்சா? ஜாஸ்தியா ரிப்பேர் பண்ணிட்டே போல."

"சூரியன்ல ஏதோ ஆயிருக்கு சார். காலைல வாங்க."

"உன் கைத்தப்புக்குச் சூரியன் மேல பழியா? எம் பொண்ணு அமெரிக்காவுலருந்து வர்ற நேரம். காலைல பாடலைன்னா பஸ் ஸ்டாண்டுல நின்னு ஊருக்கே சொல்லுவேன்."

சொல்லக்கூடியவர்தான், ஊரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். அவர் போனதும் கை பரபரத்தது. ஸ்க்ரூடிரைவரை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

காலை ஒன்பது மணிக்கு அவர் வந்தபோது இரண்டு ரேடியோவும் சிற்றலையில் பாடிக்கொண்டிருந்தன. அவர் அதைக் கவனிக்கவேயில்லை.

"ராத்திரி எம் பொண்ணு ஆதிலட்சுமி ஏர்போர்ட்லருந்து போன் பண்ணிச்சும்மா. ப்ளேன் வடதுருவத்து மேல வரணுமாம். இப்ப தெக்கால சுத்திக்கிட்டு, நடுவுல எண்ணெய் போட எறங்கி வருதாம். துருவத்துல பைலட் பேசறது யாருக்கும் கேக்காதாம். ஏம்மா, ப்ளேன்லயும் இதே எழவுதானா?"

"அங்க சேட்டிலைட் எட்டாது சார், சிற்றலைலதான் பேசணும். சூரியன் சீறினா துருவத்துல நாள்கணக்குல அடங்கிடும்."

"பயமில்லையே?"

"தெரிஞ்சுதான சுத்தி வர்றாங்க. லேட்டாகும், வந்துடும்."

ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் படியிறங்கினார்.

அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் ஊருக்கே சொல்லவும் செய்தார்: "வேங்கிக்கால்ல ஒரு பொண்ணு இருக்குது. அது திருக மாட்டேன்னா, பேசாம வீட்டுக்குப் போயிட்டு மறுநாள் வாங்க."