பெரியம்மாவின் அரைமணி நடை

நாகர்கோவில் டாக்டர் பெரியம்மாவுக்கு மாத்திரையைவிட நடையைத்தான் அழுத்திச் சொல்லி அனுப்பியிருந்தார். உடம்பு கனத்துவிட்டது, இடுப்பும் முட்டும் அதைத் தாங்க முடியாமல் வலிக்கிறது, தினமும் அரைமணி நேரம் நடக்காவிட்டால் இந்த வலி ஆயுசுக்கும் கூடவே இருக்கும் என்று. கேட்டதும் துபாயிலிருந்த பெரியப்பா, ஊருக்கு வந்த ஒருவர் கையில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ கொடுத்தனுப்பினார். ஐந்தாம் வகுப்பு முடிந்து லீவுக்கு அருமனையில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்த என்னைக் காவலுக்கும் போட்டார்.

"மக்ளே, பெரியம்மை நடக்காளா இல்லியான்னு வெள்ளிக்கிழமை போன்ல எனக்குச் சொல்லணும், கேட்டியா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. துபாயிலிருந்து ஒருவர் என்னை நம்பி ஒரு வேலையை ஒப்படைத்திருக்கிறாரே.

ஷூ அலமாரியைவிட்டு வெளியே வரவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் சாயங்காலம் ரோட்டில் இறங்கினால் 'எங்க போறிய?' என்று கேட்காத ஆளில்லை. சும்மா நடக்கப் போகிறேன் என்று சொல்லப் பெரியம்மாவுக்கு வெட்கம். அதனால் ஒரு காலித் தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டார். பால் வாங்கப் போகிறாராம்.

முதல் வளைவிலேயே ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். "எக்கா, ஒரு வாய் வெள்ளம் தாருங்க." படியேறி வந்தவளுக்கு வெறும் வெள்ளம் கொடுத்து அனுப்பினால் அந்த வீட்டுக்கல்லவா குறைச்சல்? சாயா வந்தது, கூடவே பழம்பொரி வந்தது. அடுத்த வளைவிலும் இதே கதை. போய்த் திரும்புவதற்குள் நான்கு வீடு. எனக்கும் தட்டு வந்தது, நான் ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் தீனிக்காரி பெரியம்மாதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "வீடு வீடா இருந்து பழம்பொரி திங்காவ, பெரியப்பா." அவர் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே கேட்டது. பெரியம்மா போனை வாங்கி, "செரி, இனி எங்கயும் இருக்கல்ல" என்றார். பிறகு என் கன்னத்தைக் கிள்ளி, "ஏட்டி, நீ எனக்க கூட்டா, அவருக்க கூட்டா?" என்று கேட்டார். துளி கோபம் இல்லை. அன்றைக்கும் எனக்கு மீனில் முள் எடுத்துத் தந்துதான் சோறு போட்டார்.

மறுநாள் ஒரு படியிலும் உட்காரவில்லை. கூப்பிட்டவர்களிடம், "நாளைக்கு வாறேன்" என்று கையாட்டினார். திரும்பும் வழியில் என் தோளைப் பிடித்து அழுத்தினார். "கூசுது, விடுங்க பெரியம்மா" என்றேன். விட்டுவிட்டு ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு, அதில் பால் பிடிக்கக் கட்டியிருந்த காலிச் சிரட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் என்ன இருக்கிறது பார்ப்பதற்கு என்று நான் அவரை விரட்டினேன்.

ஒரு மூச்சில் அந்த இடுப்பு எவ்வளவு தூரம் தாங்குமோ அவ்வளவு தூரத்தில்தான் ஒவ்வொரு வீடாகப் பார்த்து அவர் உட்கார்ந்திருக்கிறார். வலிக்கிறது என்று சொல்லக் கூச்சப்பட்டு வெள்ளம் கேட்டிருக்கிறார். இது எனக்குப் புரிய எத்தனையோ வருடம் ஆனது. நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே கோபம் வருகிறது.

லீவு முடிந்து நான் ஊருக்குத் திரும்பிய மறுநாளே பெரியம்மா நடையை நிறுத்திவிட்டார். பெரியப்பா எங்கள் வீட்டுக்குப் போன் போட்டு, "பாத்தியா மக்ளே, நீ இல்லன்னா அவளுக்கு மடி, ஒரே சோம்பல்" என்றார்.

"ஆமா பெரியப்பா" என்றேன், ரொம்பப் பெருமையாக.